வேலை நாயோடு வெளியே போக: யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

அக்காவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போர்க்காலத்து மிதிவெடி. செயற்கைக் காலும் ஊன்றுகோலுமாக அவர் எங்கும் போய்வருவார், யாரையும் எதிர்பார்க்கமாட்டார். ஊன்றுகோல் கைதவறி விழுந்தால்தான் பாடு. குனிந்து எடுக்கப் போய் இரண்டு தரம் விழுந்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் நாய் பிறவுணியைப் பழக்கத் தொடங்கினோம். இப்போது அவள் விழுந்த ஊன்றுகோலைக் கவ்வி அக்காவின் கையில் கொடுப்பாள். சாவி, போன், பேர்ஸ் எது விழுந்தாலும் எடுத்துத் தருவாள். படலையில் கட்டிய கயிற்றை இழுத்துத் திறந்து விடுவாள்.

இவ்வளவும் நாலைந்து மாதத்தில் வந்துவிட்டது. ஆட்களின் நடுவே ஒருவருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கப் பழகத்தான் ஒன்றரை வருடம் பிடித்தது. எங்களிடம் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் "எப்படி எடுத்துத் தரப் பழக்கினீங்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். அது சுலபமான பாதி. மற்றப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அளவுகோல் ஒன்றே ஒன்று. நீங்கள் சாப்பிட்டு முடித்து எழும்பும்போது பக்கத்து மேசைக்காரர் திடுக்கிட்டு, "அட, இதுக்குள்ள நாய் கிடந்ததோ?" என்று கேட்க வேண்டும். குரைக்காமல், மோந்து திரியாமல், யாரிலும் பாயாமல், சாப்பாட்டுக்கு ஏங்காமல், கண்ட இடத்தில் நனைக்காமல், இருக்கிறதே தெரியாமல் இருக்கிற நாய்தான் வெளியே கூட்டிப்போகத் தகுந்த நாய்.

எந்த நாய், என்ன வேலை

வேலை நாய் என்றதும் நம் சனத்துக்குப் பொலிஸ் நாய்தான் ஞாபகம் வரும். இலங்கைப் பொலிஸின் நாய்ப்பிரிவு 1948 இல் தொடங்கியது. அதன் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில் இருக்கிறது. வடக்கில் இருப்பவர்கள் கண்ணிவெடி தேடும் நாய்களையும் கண்டிருப்பீர்கள். வெடிமருந்தின் மணம் பிடித்ததும் அந்த நாய் குரைக்காது, கிளறாது, அப்படியே குந்திவிடும். தேடியதைக் கண்டுபிடித்த சந்தோசத்திலும் அசையாமல் இருக்கிற அந்த அடக்கத்தைத்தான் நம் வீட்டு நாயிடமும் கேட்கிறோம்.

இந்த வழிகாட்டி, உடல் இயலாமை உள்ள ஒருவருக்கு உதவி செய்யும் நாயைப் பற்றியது. பார்வையற்றவரை வீதியில் கூட்டிச் செல்லும் வழிகாட்டி நாயை வீட்டில் வைத்துப் பழக்க முயல வேண்டாம். வாகனம் வரும்போது எசமான் "போ" என்றாலும் போகாமல் நிற்கத் தெரிந்த நாய் அது. அதற்கென்று தேர்ச்சி பெற்ற பயிற்றுநர்களும் பாடசாலைகளும் வேண்டும். பிழைத்தால் போவது உயிர். அதேபோல, ஆளின் பாரத்தைத் தாங்கும் வேலையையும் நடுத்தர உயர நாய்க்குக் கொடுக்கக்கூடாது. முதுகெலும்பும் மூட்டும் கெட்டுப்போகும்.

இன்னொன்றை முதலிலேயே முடிவு செய்யுங்கள். யாழ்ப்பாணத்தில் நாய் வளர்ப்பதே காவலுக்குத்தான். படலையில் ஆள் நிழல் தெரிந்தால் குரைக்க வேண்டும், குரைத்தால் "கெட்டிக்காரன்" என்று தடவிக்கொடுப்போம். அதே நாயைக் கடைக்குக் கூட்டிப்போய் ஆளைக் கண்டால் பேசாமல் இரு என்றால் அதற்கு எப்படி விளங்கும்? ஒன்று காவல், இல்லாவிட்டால் உதவி. இரண்டையும் ஒரே நாயிடம் கேட்காதீர்கள்.

சாதி நாய்தான் வேண்டும் என்பதில்லை. எங்கள் பிறவுணிக்குத் தாய் நாட்டு நாய், தகப்பன் லாப்ரடோர் என்று சொல்லித்தான் தந்தார்கள். நம் வெயிலுக்கு நாட்டு நாயின் குட்டை மயிர் நல்லது. பார்க்க வேண்டியது குணம். குட்டிக்குப் பத்தடி தள்ளி ஒரு செம்பைச் சீமெந்து நிலத்தில் போட்டுப் பாருங்கள். திடுக்கிடுவது பிழையில்லை. சில வினாடிகளில் தேறி, என்ன விழுந்தது என்று மோந்து பார்க்க வந்தால் நல்ல குட்டி. கட்டிலுக்குக் கீழே புகுந்து பொழுதுபடும்வரை வராவிட்டால் அது வீட்டுச் செல்லமாக இருக்கட்டும். அந்தக் குட்டியைச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போவது பாவம்.

குட்டி உலகத்தைப் பழகுகிற காலம் கிட்டத்தட்ட 3 முதல் 14 கிழமை. அதற்குள் மழை, குடை, சைக்கிள், சீருடைப் பிள்ளைகள், கோயில் மணி, தலைக்கவசம் போட்ட ஆள் எல்லாவற்றையும் காட்டுங்கள். ஆனால் ஊசிகள் முடியும்வரை வீதியில் இறக்கி விடாதீர்கள், கட்டாக்காலிகளிடமிருந்து பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றும். நாங்கள் பிறவுணியைக் கூடைக்குள் வைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றினோம்.

ஊசியும் துண்டும்

விசர்நாய்க்கடி தடுப்பூசி வருடந்தோறும் தவறாமல் போட வேண்டும். அரசாங்கம் ஊரூராக இலவசமாகப் போடுகிற முகாம்கள் நடக்கும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் நாள் சொல்லுவார். ஊசித் துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் கையோடு வைத்திருங்கள். இங்கே நாயைக் கண்டு பயப்படுகிறவர் முதலில் பயப்படுவது விசருக்கு. அந்தத் துண்டைக் காட்டினாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும். நாயை உள்ளூராட்சி சபையில் பதிவதும் சட்டப்படியான கடமை. 1901 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே அது இருக்கிறது.

பெட்டை நாயென்றால் கருத்தடை செய்துவிடுங்கள். பருவத்தில் இருக்கிற பெட்டையோடு ஒழுங்கைக்குள் இறங்கினால் ஊர்க் கடுவன் எல்லாம் பின்னால் வரும், பிறகு எந்தப் பயிற்சியும் உதவாது. உண்ணி பார்ப்பது, குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது எல்லாம் ஒழுக்கத்தில் சேர்ந்தவைதான். மணக்கிற நாயை யாரும் கடைக்குள் விடமாட்டார்கள், விடவும் தேவையில்லை.

சொல்லைத் தெரிந்தெடுத்தல்

நாங்கள் முதலில் உட்காருவதற்கு "இரு" என்று பழக்கினோம். அது பெரும்பிழை. வீட்டில் நாள் முழுக்க யாராவது யாருக்காவது "இரு, வாறன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பிறவுணி முதலில் ஒவ்வொரு தரமும் இருந்தாள், பிறகு அந்தச் சொல்லையே கவனிக்காமல் விட்டுவிட்டாள். "குந்து" என்று மாற்றினோம். அந்தச் சொல் வீட்டில் வேறு யாருக்கும் சொல்லப்படுவதில்லை, சத்தமும் வெட்டொன்றாக விழுகிறது. நாலு நாளில் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த சிக்கல் "படு", "விடு" இரண்டும். நாயின் காதுக்கு அவை ஒன்றுபோலத்தான். கீழே கிடந்த எலும்பை "விடு" என்றால் எலும்போடு படுத்துவிடுவாள். அதனால் விடுவதற்கு "தொடாதை" என்று வைத்தோம். இப்போது எங்கள் சொற்கள் இவ்வளவுதான்: குந்து, படு, நில், வா, தொடாதை, எடு, தா. வெளியே இறங்க முன் "ஒண்டுக்கு" என்றால் வேலியோரம் போய் முடித்துவிட்டு வருவாள். வளவில் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போய், அவள் இருக்கும்போதே அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கியது அது. வெளியிட ஒழுக்கத்தில் பாதி இந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அம்மம்மா வேறு சொல், தம்பி வேறு சொல் என்றால் பழக்கம் ஏறாது. குசினிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அடிக்க வேண்டாம். அடிவாங்கிப் பழகிய நாய் கையைத் தூக்குகிற எல்லாரையும் சந்தேகப்படும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்குகிறவரைக் கண்டு உறுமுகிற நாயை வெளியே கொண்டுபோக முடியாது. சரியாகச் செய்தவுடன் ஒரு சின்னத் துண்டு அவித்த இறைச்சி, உப்பும் தூளும் வெங்காயமும் போடாமல். வெங்காயம் நாய்க்கு நஞ்சு.

படலைக்கு வெளியே

முதல் ஒரு மாதம் உங்கள் ஒழுங்கையை விட்டுத் தாண்ட வேண்டாம். கயிறு நாலு அல்லது ஐந்தடி போதும். அது தொய்ந்து கிடக்க வேண்டும். இறுகினால் நில்லுங்கள். நாய் திரும்பிப் பார்த்து ஓரடி பின்னால் வந்து கயிறு தொய்ந்தால் நடவுங்கள். முதல் நாள் நூறு யார் தூரம் போக அரை மணித்தியாலம் எடுத்தது. பரவாயில்லை. இழுத்துக்கொண்டு போகிற நாய் ஊன்றுகோல்காரரை விழுத்திவிடும்.

கட்டாக்காலி நாய்கள்தான் நம் ஊரில் பெரிய பரீட்சை. வெளிநாட்டுப் பயிற்சி முறைகளில் இதைப் பற்றிய பேச்சு குறைவு, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு சந்திக்கும் ஒரு நாய்க்கூட்டம் இல்லை. நாங்கள் பட்டறிந்து கற்றுக்கொண்டது இது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் எல்லை உண்டு. எந்த மதிலில் தொடங்கி எந்தக் கடை வாசலில் முடிகிறது என்று முதலில் நாயில்லாமல் நடந்து பாருங்கள். சாப்பாட்டுக் கடைக் கழிவு கொட்டும் இடத்தையும் இறைச்சிக் கடையையும் சுற்றிப் போங்கள். தூரத்தில் கண்டதும் நேரே நடக்காமல் வீதியின் மற்றப் பக்கம் வளைந்து நடவுங்கள். உங்கள் நாய் அவற்றைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்த நொடியிலேயே இறைச்சித் துண்டு. முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்க விடாதீர்கள், சண்டை கண்ணில்தான் தொடங்கும்.

கிட்ட வந்துவிட்டால் உங்கள் நாயைப் பின்னால் விட்டு நீங்கள் முன்னுக்கு நில்லுங்கள். குடையை அவற்றின் பக்கம் படாரென்று விரித்தால் அநேகமாக நின்றுவிடும். கல் பொறுக்குவதுபோலக் குனிந்தாலே ஓடும் என்று எல்லாருக்கும் தெரியும், அது உண்மைதான். ஆனால் கல்லை எறியாதீர்கள். உங்கள் நாயும் கூட நிற்கிறது, மனிதன் குனிந்தால் அடி விழும் என்று அதுவும் படித்துக்கொள்ளும். பிறகு விழுந்த ஊன்றுகோலை வாங்க அக்கா குனியும்போது அது பின்வாங்கும்.

யாருக்காவது கடி விழுந்தால், அது எந்த நாயானாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

அடுத்தது வெயில். பங்குனி, சித்திரையில் தார் வீதி பாதத்தைப் பொசுக்கும். புறங்கையைத் தாரில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள். கையெடுக்க வேண்டி வந்தால் நாயும் நடக்க முடியாது. காலை எட்டுக்கு முன், பின்னேரம் ஐந்துக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்கு அகலமாகத் தொங்கி, வாய்நீர் தடிப்பாக வடிந்து, நடை தள்ளாடினால் அது வெறும் களைப்பு இல்லை. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மிருக வைத்தியரிடம் போங்கள்.

கடை வாசல்

முதல் கடையாகத் தெரிந்தவரின் கடையைத் தெரிந்தெடுங்கள். நாயில்லாமல் போய்க் கேளுங்கள். நாங்கள் கேட்டது இப்படித்தான்: "அண்ணை, அக்காவுக்கு உதவிக்கு ஒரு நாய் பழக்கிறம். நாளைக்குப் பின்னேரம் சனம் இல்லாத நேரமாப் பத்து நிமிசம் கூட்டி வரலாமோ?" ஒருவரும் மறுக்கவில்லை. முன்னறிவிப்பில்லாமல் வந்திருந்தால் ஒருவரும் விட்டிருக்கமாட்டார்கள்.

வாசலில் குந்து. நீங்கள் முதலில் உள்ளே, பிறகு சொல்லோடு நாய். உள்ளே வந்ததும் உங்கள் காலோடு ஒட்டி நிற்க வேண்டும். கருவாட்டுச் சாக்கு, அரிசி மூட்டை, ஆட்களின் சீலைத் தலைப்பு எதிலும் மூக்கு முட்டக்கூடாது. மூக்கு முட்டினாலே பிழை, வாய் வைக்கத் தேவையில்லை. பத்து நிமிடம் என்று சொன்னால் ஏழாவது நிமிடத்தில் வெளியே வாருங்கள்.

சட்டம் பற்றிக் கேட்பார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் போகக்கூடிய எந்த இடத்துக்கும் இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரைத் தடுக்கக்கூடாது என்கிறது. அது ஆளைப் பற்றியது. நாயைப் பெயர் சொல்லிப் பேசவில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே சேவை நாயோடு வருகிறவரிடம் கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம்: இயலாமை காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா, என்ன வேலை செய்யப் பழக்கப்பட்டது. அடையாள அட்டை கேட்க முடியாது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே, நாய் அடங்காமல் நடந்து எசமானும் அடக்காவிட்டால், அல்லது உள்ளே நனைத்தால், வெளியே அனுப்பலாம் என்றும் இருக்கிறது. உரிமை எழுதி வைத்த நாட்டிலேயே அது ஒழுக்கத்தோடு சேர்ந்துதான் வருகிறது. நம்மிடம் இருப்பது கடைக்காரரின் நல்ல மனம். அதைக் கெடுத்தால் அடுத்து வருகிறவருக்கும் சேர்த்துத்தான் கதவு மூடும்.

அங்கி போட்டால் மட்டும் வேலை நாய் ஆகிவிடாது. நாங்கள் நீலத் துணியில் தைத்து, "வேலை நேரம், தொடாதீர்கள்" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறோம். ஆட்கள் ஒதுங்கி நிற்க உதவுகிறது. ஆனால் பழக்காத செல்ல நாய்க்கு அப்படி ஒன்றைப் போட்டுக் குளிரூட்டிய கடைக்குள் கூட்டிப்போகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும். அந்த நாய் ஒரு பிள்ளையைக் கடித்தால் அக்காவை எந்தக் கடையும் உள்ளே விடாது.

சாப்பாட்டுக் கடை

இதுதான் ஆகக் கடினம். வீட்டிலேயே தொடங்குங்கள். சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஒரு சாக்கைப் போட்டு "படு" சொல்லி, நீங்கள் சாப்பிடும் முழு நேரமும் அங்கே கிடக்கப் பழக்குங்கள். மேசையிலிருந்து ஒருவரும் ஒரு துண்டும் கொடுக்கக்கூடாது. தாத்தா ஒளித்துக் கொடுக்கிற மீன் முள் ஒன்றே ஒரு மாதப் பயிற்சியை அழித்துவிடும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பழக்கத் தொடங்கி ஏழாம் மாதம், அவசரப்பட்டு ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனோம். கொத்துரொட்டி அடிக்கும் சத்தத்துக்கு அவள் அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, கயிற்றையும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பக்கத்து மேசைச் சின்னப் பிள்ளையின் கையிலிருந்து வடை நழுவி விழுந்தது. விழுந்த சத்தம் கேட்க முன்னமே வடை பிறவுணியின் வாய்க்குள். பிள்ளை வீரிட்டு அழுதது, தாய் கதிரையைத் தள்ளி எழும்பினார், கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் வாசலைப் பார்த்தார். அவர் பார்த்தது நியாயம்தான். மன்னிப்புக் கேட்டு, பிள்ளைக்கு வேறு வடை வாங்கிக் கொடுத்து, உடனே வெளிக்கிட்டோம். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் போகவில்லை.

அந்த மூன்று மாதமும் செய்தது இதுதான். விறாந்தையில் ஒரு கோப்பையில் இடியப்பமும் சொதியும் வைத்து, அதற்கு மூன்றடி தள்ளிப் "படு". முதலில் பத்து வினாடி, பிறகு ஒரு நிமிடம், பிறகு கோப்பையைச் சுற்றி நாங்கள் நடந்துகொண்டு. அடுத்ததாகக் கையிலிருந்து வடையை விழுத்துவது, விழும்போதே "தொடாதை". தொடாமல் முகத்தைப் பார்த்தால் அந்த வடையை விட ருசியான ஒன்றை என் கையால் கொடுத்தேன். கடைசியில் சொல்லே தேவைப்படவில்லை. ஏதாவது விழுந்தால் என் முகத்தைப் பார்ப்பாள். அப்படி ஐம்பது தரம் தொடர்ந்து நடந்த பிறகுதான் மறுபடி கடைக்குப் போனோம்.

கடையில் சுவரோர மேசையைக் கேளுங்கள். நாய் மேசைக்கும் சுவருக்கும் இடையில் கிடக்கட்டும், வாலும் காலும் பரிமாறுகிறவரின் வழியில் நீட்டக்கூடாது. கதிரையில் ஏற்றக்கூடாது. கடைக் கோப்பையில் தண்ணீர் கொடுக்கக்கூடாது, உங்கள் பாத்திரத்தைக் கொண்டு போங்கள்.

பயணம்

ஓட்டோதான் தொடங்க நல்லது. முன்பே சொல்லி, தெரிந்த ஓட்டோக்காரரைப் பிடியுங்கள். நாய் உங்கள் காலடியில், இருக்கையில் இல்லை. இறங்கும்போது நீங்கள் இறங்கி, வீதியைப் பார்த்து, சொன்ன பிறகுதான் நாய் இறங்க வேண்டும். நாய் முந்திப் பாய்ந்தால் மோட்டார் சைக்கிளுக்குள் போய்விடும்.

பஸ்ஸில் ஏற முன் நடத்துநரிடம் கேளுங்கள். மாட்டேன் என்றால் வாதாட வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள். பாடசாலை விடும் நேரத்து மினிபஸ்ஸில் மனிதருக்கே கால்வைக்க இடமில்லை, நாயின் வாலை மிதிக்காமல் இருக்க முடியாது. ரயிலென்றால் முதல் நாளே நிலைய அதிபரிடம் பேசிவிடுங்கள். பயணத்துக்கு முன் நாலு மணித்தியாலம் சாப்பாடு கொடுக்காதீர்கள், "ஒண்டுக்கு" முடிக்காமல் ஏற்றாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து உதவி நாயோடு ஊருக்கு வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேராதனை கட்டம்பையில் இருக்கிற மிருக உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி இல்லாமல் நாயைக் கொண்டுவர முடியாது. விமானச் சீட்டுக்கு முன் அதைப் பாருங்கள். இங்கே வந்ததும் முதல் கிழமை வளவுக்குள்ளேயே வைத்திருங்கள், அந்த நாய் ஒரு கட்டாக்காலியைக்கூடக் கண்டிருக்காது.

போகக்கூடாத இடங்கள்

நாய் வைரவரின் வாகனம். நம் ஊரில் சந்திக்குச் சந்தி வைரவர் இருக்கிறார். அதைச் சொல்லிக்கொண்டு நாயைக் கோயிலுக்குள் கொண்டுபோகலாம் என்று நான் சொல்லமாட்டேன். கும்பிட வருகிறவர்களின் மனம் கோணக்கூடாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயில் வீதிப் பக்கமே போக வேண்டாம். அந்த மணலில் அங்கப்பிரதட்சணம் செய்வார்கள், அங்கே நாய் நடந்துபோவதே பிழை. அக்கா கோயிலுக்குப் போகும்போது நான் கூடப் போவேன், பிறவுணி வீட்டில் இருப்பாள்.

வைத்தியசாலை விடுதிகள், மீன் சந்தை, வெடி கொளுத்துகிற கலியாணம், கூட்டம் முட்டுகிற பொங்கல் வியாபாரம் எல்லாம் இந்தப் பட்டியலில்தான். கிளினிக் என்றால் தாதியிடம் முன்பே கேட்டு, விறாந்தை ஓரத்தில் இருங்கள். நாயின் எச்சில் பட்டால் கழுவ வேண்டிய மார்க்க நியமம் உள்ளவர்களும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நாயை உங்கள் மற்றக் கைப்பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பார்க்கிற சனம்

"கடிக்குமோ?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. "கடியாது" என்று மட்டும் சொன்னால் நம்பமாட்டார்கள். "வேலையில நிக்குது அக்கா, ஊசியும் போட்டிருக்கு. நீங்கள் பேசாமல் போங்கோ, அது திரும்பியும் பாராது" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் "தொட்டுப் பார்க்கலாமோ?" என்று கேட்டால் அது நல்ல பிள்ளை, கேட்காமலே தொடுகிறவர்கள்தான் அதிகம். "இப்ப வேலை தம்பி, அங்கி கழட்டினாப் பிறகு தடவலாம்" என்று சொல்வோம். நாய்க்குப் பிஸ்கட் எறிகிறவரைச் சிரித்த முகத்தோடு தடுங்கள். பயப்படுகிறவர் ஒதுங்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்கள்தான் ஒதுங்க வேண்டும்.

பரீட்சை

வெளிநாடுகளில் உதவி நாய் அமைப்புகள் பொது இடப் பரீட்சை ஒன்று வைக்கின்றன. ஐ.ஏ.ஏ.டி.பி. என்ற, உதவி நாய் வைத்திருப்பவர்களின் சர்வதேசச் சங்கம், ஆறு மாதத்துக்குக் குறையாமல் மொத்தம் 120 மணித்தியாலப் பயிற்சியும், அதில் 30 மணித்தியாலம் வெளியிடங்களிலும் இருக்க வேண்டும் என்கிறது. அது ஆகக் குறைந்த அளவு. எங்களுக்கு அதைவிடக் கூடவே பிடித்தது.

அந்தப் பரீட்சையை நம் ஊருக்கு ஏற்றபடி வீட்டுக்காரர் அல்லாத ஒருவரை வைத்து நடத்துங்கள். ஓட்டோவிலிருந்து சொன்ன பிறகு இறங்குகிறதா. வாசலில் முந்தாமல் வருகிறதா. சனத்துக்குள் காலோடு ஒட்டி நடக்கிறதா. ஆறடி தள்ளி இருத்திவிட்டுக் கூப்பிட்டால் நேரே வருகிறதா. நிலத்தில் வைத்த சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் குந்துகிறதா. பின்னால் செம்பு விழுந்தால் உடனே தேறுகிறதா. படுத்திருக்கும்போது பிள்ளை ஒன்று கிட்ட வந்தால் எழும்பாமல் கிடக்கிறதா. கயிறு கை நழுவினாலும் நிற்கிறதா. கயிற்றை வேறொருவர் பிடிக்க, நீங்கள் இருபதடி தள்ளிப் போனால் அனுங்காமல் இருக்கிறதா. ஒன்றில் தவறினாலும் அந்த ஒன்றை மட்டும் இரண்டு கிழமை பழக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஒன்றுக்கு மட்டும் மறுபரீட்சை இல்லை. ஆளைப் பார்த்துப் பல்லைக் காட்டினால், உறுமினால், அந்த நாயை இனி வெளியே கூட்டிப்போகாதீர்கள். வீட்டுக்குள் உதவி செய்யட்டும். அதில் குறைவு ஒன்றுமில்லை.

திரும்பி வர

கொட்டாவி மேல் கொட்டாவி, உதட்டை நக்குதல், வாலை ஒடுக்குதல், சொன்ன சொல்லுக்கு இரண்டு தரம் பிந்துதல். இவை கண்டால் வந்த வேலை முடியாவிட்டாலும் வீட்டுக்குத் திரும்புங்கள். கஸ்தூரியார் வீதியில் சீலை எடுக்கப் போய், எடுக்காமலே திரும்பிய நாட்கள் எங்களுக்கு உண்டு. அக்கா முகம் சுளித்ததில்லை. பையில் எப்போதும் தண்ணீர்ப் போத்தல், பாத்திரம், ஊசித் துண்டு, பழைய துவாய், மூன்று சொப்பிங் பை இருக்க வேண்டும். கழிவை அள்ளிக்கொண்டு வருவது உங்கள் வேலை, மாநகர சபையின் வேலை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அங்கியைக் கழற்றிவிடுங்கள். கழன்றதும் பிறவுணி நேரே மாமரத்தடிக்கு ஓடி, மல்லாக்கப் புரண்டு, அணிலைத் துரத்தி, கிடங்கு கிண்டுவாள். அந்த நேரத்தில் ஊன்றுகோல் விழுந்தால் அவளைக் கூப்பிடுவதில்லை. நானே எடுத்து அக்காவிடம் கொடுப்பேன்.